பிள்ளைக் கொட்டகையின் கேள்விப் பலகை

மலாய் நாட்டு மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் கொட்டகை ஆயாவைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும், "எங்க திலகமா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்த 'எங்க' என்ற சொல்லில் அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைக்கு விதை விழுந்தது ஒரு தாயின் கண்ணீரில்.

எழுபத்தைந்தாம் ஆண்டு மழைக்காலம். மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. தவழத் தொடங்கியிருந்த திலகத்தின் மகனுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாரும் சொன்னார்கள். குழந்தை நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டது. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு திலகம் கொடுக்காமல் இருந்தாள். பாதை திறக்கும் முன்பே தொட்டில் வெறுமையாகிவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து பல நாள் கழித்து ரிங்லெட் கடைத்தெருவில், அதே தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ் டிவிசனில் இருந்த ரஞ்சிதத்தைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் ரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, தண்ணிய நிறுத்தக் கூடாதுக்கா. உப்பும் சீனியும் போட்டு ஆறவச்ச தண்ணிய விடாம குடுக்கணும். எம்புள்ளைக்கு வந்தப்ப நர்ஸம்மா சொன்னாங்க. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேட்டிருந்தா. அந்தச் சொல் திலகத்தின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பதில் தெரிந்தவள் அடுத்த குன்றிலேயே இருந்திருக்கிறாள். நடுவில் இருந்தது ஒரு பள்ளமும் கொஞ்சம் மூடுபனியும்தான். இனி இந்தத் தோட்டத்தில் கேட்க இடமில்லாமல் ஒரு உயிரும் போகக் கூடாது என்று அன்றே முடிவெடுத்தாள்.

மறு வருடம் பிள்ளைக் கொட்டகையில் ஆயா வேலை கிடைத்தது. மூன்று டிவிசன் தாய்மாரும் விடியற்காலையில் பிள்ளைகளை அங்கேதான் கொண்டுவந்து விடுவார்கள். அங்கே ஒரு பலகை வேண்டும், யாரும் கேட்கலாம், யாரும் பதில் சொல்லலாம் என்று அவள் சொன்னபோது, இளைஞர் மன்றச் செயலாளர் சுப்பிரமணியம் உற்சாகமாகிவிட்டார்.

"நல்ல யோசனை. கண்ணாடிக் கதவு போட்ட பலகை ஒண்ணு செஞ்சுடுவோம். மன்றத்துலயே மாட்டுவோம். சாவி என்கிட்ட இருக்கட்டும்."

"சாவி எதுக்குண்ணே?"

"பூட்டு இல்லன்னா கண்டவனும் கண்டதையும் எழுதிடுவான்மா."

"எழுதட்டும்ணே. புள்ளைக்கு முடியலன்னு ஓடி வர்றவ, சாவி யாரு வீட்டுல இருக்குன்னு தேடிக்கிட்டு நிக்கணுமா? அதுவும் இல்லாம மன்றத்துக்குப் பொம்பளைங்க எப்பண்ணே வந்தாங்க? நீங்க கேரம் ஆடறத வேடிக்கை பாக்கவா?"

சுப்பிரமணியத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கண்ணாடிப் பலகையை மன்றத்திலேயே மாட்டினார். திலகம் தனக்கானதைத் தேட ஆரம்பித்தாள். கரும்பலகையில் எழுதிப் பார்த்தாள். ஒரே இரவின் பனியில் சுண்ணக்கட்டி எழுத்து வழிந்து, கேள்வி எல்லாம் கண்ணீராய் இறங்கியது. தாளைப் பசை போட்டு ஒட்டினால் காலையில் தரையில் கிடந்தது.

கடைசியில் வழி காட்டியவன் அவள் கணவன் சிங்காரம். தொழிற்சாலையில் தூள் கட்டும் வேலை அவனுக்கு. உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பிளைவுட் மூடிகள் அங்கே சும்மா கிடந்தன. கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டு நான்கைத் தூக்கி வந்து சுவரில் அறைந்து, வரிசையாக ஆணிகளும் அடித்தான்.

"காசு இல்ல, பூட்டு இல்ல. போதுமாடி?"

"போதும். இதுதான் வேணும்."

கேட்கிறவர் கேள்வி எழுதிய அட்டையை ஓர் ஆணியில் மாட்டுவார். பதில் சொல்கிறவர் தன் அட்டையை அதே ஆணியின் சாக்கு நூலில் கீழே கோப்பார். அதற்கு மறுப்பு இருந்தால் அதற்கும் கீழே. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லத் திலகமே எழுதுவாள். கோழிக்குச் சீக்கு, பள்ளிக்கூடச் சேர்க்கை, தாப்பா ஊருக்குப் போகும் பஸ், பல்வலி, மாமியார் தொல்லை எல்லாம் அங்கே தொங்கின. மாமியார் கேள்விக்கு மட்டும் நூல் தரையைத் தொட்டுவிட்டது.

ஆணிகள் நிறைந்ததும் பழையதை எங்கே வைப்பது என்ற கவலை வந்தது. எறிந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டுமே. சிங்காரம் தகரப்பெட்டி வாங்கலாம் என்றான். திலகம் யோசித்தாள். பனியிலும் தேயிலைத் தூளை மொறமொறப்பாய் வைத்திருக்கிற பெட்டி ஒன்று கண்ணெதிரிலேயே இருக்கும்போது வேறு எதற்கு? உள்ளே ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். கோத்த நூலோடு ஒவ்வொரு கேள்வியையும் உள்ளே வைத்து, கேள்வியின் முக்கியச் சொல்லைப் பார்த்து அ, ஆ என்று எழுத்து வரிசையில் தடுப்பு போட்டாள். கச்சிதமான ஏற்பாடு என்று அவளே நம்பினாள்.

எண்பத்தொன்றாம் ஆண்டு ஒரு முற்பகலில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. களைக்கு மருந்தடிக்கும் செல்லம்மாவின் பம்ப் அடைத்துக்கொண்டது. அவள் முனையைக் கழற்றவும், உள்ளே இருந்தது பீய்ச்சியடித்து முகமெல்லாம் தெறித்தது. பக்கத்தில் இருந்த பிள்ளைக் கொட்டகைக்கு அவளைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு செல்லம்மா துடித்தாள்.

லயத்தில் கைவைத்தியம் பார்க்கும் மணியம்மா விளக்கெண்ணெய்ப் புட்டியோடு ஓடி வந்தாள். "தள்ளுங்க. ரெண்டு சொட்டு விட்டா குளுந்துடும்."

"தண்ணி ஊத்திக் கழுவலாமேக்கா," என்றாள் திலகம்.

"தண்ணி பட்டா வெசம் உள்ள எறங்கிடும்டி. நான் பாக்காததா?"

திலகத்துக்கு நினைவிருந்தது. இதே சண்டை பலகையில் நடந்திருக்கிறது. எண்ணெய் என்று ஒருவர், தண்ணீர் என்று ஒருவர். யார் எதைச் சொன்னார்கள், முடிவு என்ன என்பதுதான் நினைவில்லை. தண்ணீரை நிறுத்தச் சொன்ன குரல்களைக் கேட்டு ஒருமுறை கைகட்டி நின்றவள் அவள். "எண்ணெய விட்டுடாதீங்க, ஒரு நிமிசம்," என்று பெட்டியிடம் ஓடினாள்.

'விஷம்' என்று தேடினாள். இல்லை. 'கண்' என்று தேடினாள். கண்வலியும் கட்டியும்தான் இருந்தன. விஷத்துக்கு மலாய்க்காரர் சொல்வதுபோல் யாராவது 'ராச்சுன்' என்று எழுதியிருப்பார்களோ என்று அதையும் பார்த்தாள். வெளியே செல்லம்மாவைத் தாங்கி வந்தவர்களில் ஒருவன் கங்காணியிடம் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான்: "கண்ணுல மருந்து பட்டுடுச்சுங்க."

மருந்து. அவள் உச்சந்தலையில் அடித்தாற்போல் இருந்தது. உயிரைக் குடிக்கிற அந்த நச்சு நீருக்குத் தோட்டத்தில் எல்லாரும் சொல்லும் பெயர் அதுதானே. இருமல் மருந்துக்கும் பேதி மருந்துக்கும் நடுவில் அந்த நூல் கிடந்தது. மேலே கேள்வி. அதன் கீழே விளக்கெண்ணெய் விடச் சொன்ன ஓர் அட்டை. கடைசியாகக் கீழ் டிவிசனில் வைத்திய உதவியாளரான டிரெஸர் ராதாகிருஷ்ணன் எழுதியது: "எண்ணெய் கூடவே கூடாது. ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவு. பிறகு ஆஸ்பத்திரி."

திலகம் செல்லம்மாவின் தலையைப் பிடித்துக் குழாயடியில் வைத்தாள். மணியம்மாவே இமைகளை விரித்துப் பிடித்தாள். லாரி வந்து நிற்கும்வரை தண்ணீர் ஓடியது.

தானா ராத்தா நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணைச் சோதித்த டாக்டர், கழுவியதால் பார்வை பிழைத்தது என்றார். ஊரே திலகத்தைக் கொண்டாடியது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"கண்ணு பொழச்சிடுச்சு. இன்னும் ஏன் மூஞ்ச தூக்கி வச்சிருக்க?" என்றான் சிங்காரம்.

"பதிலு பெட்டிக்குள்ள இருந்துச்சுங்க. நான்தான் பேரு தெரியாம தேடினேன். செல்லம்மாவக் கொண்டாந்தவன் வாய்ல அந்த வார்த்தை வராம இருந்திருந்தா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கொட்டகை நடுவில் கவிழ்த்தாள். வந்த பெண்களிடமெல்லாம் ஒவ்வொன்றையும் காட்டி, "இத நீங்க என்னான்னு சொல்லுவீங்க?" என்று கேட்டாள். காய்ச்சல் என்றாள் ஒருத்தி. சுரம் என்றாள் இன்னொருத்தி. மலாய்க்காரர் சொல்கிற மாதிரி டெமாம் என்றாள் ரஞ்சிதம். எது சரி என்று சண்டை மூண்டது. எல்லாமே சரி என்று சொல்லிவிட்டாள் திலகம். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை எழுதி, எதைத் தேடினாலும் சரியான நூலுக்குக் கைகாட்டும்படி வைத்தாள்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுப்பிரமணியம் தொண்டையைக் கனைத்தார். "நல்ல தமிழ்ல அந்த மருந்துக்குக் களைக்கொல்லின்னு பேரும்மா."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "அது யாருண்ணே, புது கங்காணியா?" என்றாள் செல்லம்மா, சிவப்பு இன்னும் முழுதாகத் தெளியாத கண்களோடு.

திலகம் சிரிக்கவில்லை. புது அட்டை ஒன்றை எடுத்தாள்.

"சிரிக்காதீங்கடி. அண்ணன் வாயில அப்படித்தான் வருது. அவசரத்துல அவரும் தேடி வருவாருல்ல? சொல்லுங்கண்ணே, எத்தன 'ல்'?"

சுப்பிரமணியம் உள்ளே வந்து, பெண்களுக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிச் சொன்னார். திலகம் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினாள்.