மெழுகில் ஒட்டிய கை

இந்த நத்தார்ப் பூசையில் எனக்கு முன்வாங்கில் உட்கார்ந்திருந்த பெண் கைக்குட்டையில் ஓடிக்கொலோன் தெளித்திருந்தாள். பூசையில் பராக்காய் இருப்பது பாவம் என்று படித்தவள்தான் நான். மூக்குக்கு அது தெரியவா போகிறது? அந்த மணத்தோடு பாலன் இயேசுவின் குட்டிப் பாதமும், அதைத் துடைக்கிற பஞ்சும், றெஜினா அக்காவும் நினைவில் வந்துவிட்டார்கள்.

உங்களுக்கு இந்த வழக்கம் தெரியுமோ என்னவோ. முன்பெல்லாம் நத்தார் காலைப் பூசை முடிந்ததும் சுவாமியார் குடிலில் கிடந்த பாலனைக் கையில் ஏந்தி நிற்பார். ஊரே வரிசையில் போய்ப் பாதத்தில் முத்தமிடும்; முத்தி செய்வது என்போம். ஒவ்வொருவரும் கொஞ்சியபின் ஓடிக்கொலோன் நனைத்த பஞ்சால் பாதத்தைத் துடைப்பது கோயில் பார்க்கிற றெஜினா அக்காவின் வேலை. வெற்றிலை வாய், மீன்கறி வாய் எல்லாவற்றுக்கும் அதே பஞ்சுதான். யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் நாங்கள் பாலன்மேல் பழி போட்டதில்லை.

குடில் கட்டுவது எங்கள் குமர்ப்பிள்ளைகள் கூட்டம். அப்போது எனக்கு இருபது வயது, கூட்டத்துக்குத் தலைவி என்று நானே வைத்துக்கொண்டேன். பக்கத்திலே வாழைச்சேனைக் கடதாசி ஆலை இருந்ததால் மலை செய்யத் தாளுக்குப் பஞ்சமில்லை. வாவிக் கரையில் வெட்டிய கோரைப்புல்தான் கூரை. எல்லாம் முடிந்தபின் பாலனைச் சவர்க்காரத் தண்ணீரில் குளிப்பாட்டுவது தலைவியின் உரிமை. வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

அந்த வருடம் நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் பாலன் என் கையிலிருந்து வழுக்கி விழுந்தார். வலது கை முழங்கையோடு போய்விட்டது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. பிறகு என்ன செய்தேன் தெரியுமா? மெழுகுதிரியைக் கொளுத்தி, உருகிய மெழுகை விட்டுக் கையை ஒட்டி, பட்டுச் சட்டையை மேலே இழுத்துவிட்டேன். நத்தார் முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் பூசை முடிய, சுவாமியாரிடம் கொடுப்பதற்காக றெஜினா அக்கா பாலனைத் தூக்கினா. கை கழன்று சீமெந்து நிலத்தில் விழுந்தது. ஊர் முழுக்க 'ஐயோ மாதாவே' என்று கத்தியது. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. சுவாமியார் நல்ல மனுசன். "பரவாயில்ல மகள், தெரியாமத்தானே உடைச்ச" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பார்த்தீர்களா, செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பும் கிடைத்துவிட்டது! நான் பாடகர் வாங்கில் நின்று பாடிக்கொண்டிருந்தேன். சுருதிகூடத் தப்பவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல் இல்லை. எங்களுக்குப் பாவங்கள் மனப்பாடம். பொய் சொன்னேன், கீழ்ப்படியவில்லை, பூசையில் பராக்காய் இருந்தேன். இந்த முறை நடுவிலே 'ஒரு சாமானைக் கவனமில்லாமல் கையாண்டேன்' என்று ஒன்றைச் செருகிவிட்டேன். பரிகாரமாக மூன்று 'அருள்நிறைந்த மரியே' செபம் கிடைத்தது. சொல்லி முடித்து வீட்டுக்கு வந்து பிட்டும் மீன்சொதியும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதமே எனக்குத் தூர இடத்தில் வேலை கிடைத்தது. அக்கா கோயில் வேலையை விட்டுவிட்டா என்று அம்மா எழுதியிருந்தா. நத்தாருக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பார்ப்பேன், அக்கா முத்தி வரிசைக்கே வரமாட்டா. வாசலடியில் தீர்த்தத் தொட்டியோடு நின்றுவிட்டுப் போய்விடுவா. பணிவு, தாழ்ச்சி என்று ஊர் சொன்னது. எனக்கும் அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

இந்த நத்தாரன்று ஓடிக்கொலோன் மணம் என்னை விடவில்லை. பூசை முடிய நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தை ஒட்டிய வாவிக் கரையில் அக்காவின் மகன் அன்ரன் தோணி இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். பிறக்கும்போதே அவனுக்கு வலது கை முழங்கையோடு சரி. இடது கையால் அவன் செய்கிற வேலையை இரண்டு கைக்காரர் செய்யமாட்டார்கள். அக்கா தேத்தண்ணி தந்தா. நான் பழைய பகிடி சொல்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டு தொடங்கினேன்.

"அக்கா, அந்தப் பாலன்ட கைய உடைச்சது நான்தான். மெழுகால ஒட்டி வெச்சிரிந்த."

அக்கா சிரிக்கவில்லை.

"என்ன புள்ள சொல்றாய்? இவன் வயித்துல மூணு மாசம் அப்ப. நான் பாலன்ட கைய முறிச்ச எண்டுதானே ஆண்டவர் இவன்ட கைய எடுத்த எண்டு இரிந்தன்."

தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவன் அடுத்த ஆனியில் பிறந்தவன். எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு கையையும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லையே, கடவுளே!

அன்ரன் இயந்திரம் கழற்றிய சாவியைக் கீழே வைத்தான்.

"அன்ரி, வருசா வருசம் நத்தாருக்கு அம்மா கோயிலால வந்து என்ட இந்தக் கையக் கொஞ்சும். 'மன்னிச்சிரு மனே' எண்டு அழும். ஏனெண்டு கேட்டாச் சொல்லாது. இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்."

நான் அக்காவின் காலடியில் இருந்துவிட்டேன். மன்னியுங்கள் என்று சொன்னேனா, அழுதேனா, நினைவில்லை.

"மன்னிக்கத்தான் வேணும், வேறென்ன செய்யிற," என்றா அக்கா வாவியைப் பார்த்துக்கொண்டு. பிறகு கேட்டா: "அப்ப நானும் வரிசையில நிண்டிரிக்கலாம், என்ன புள்ள?"

கொரோனாவோடு முத்தி செய்வதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பாலன் கண்ணாடிப் பெட்டிக்குள். தூரத்தில் நின்று தலை வணங்கிவிட்டு வருகிறோம். பஞ்சும் இல்லை, வரிசையும் இல்லை. அடுத்த நத்தாருக்கு அக்கா வாசலடியை விட்டு முன்னுக்கு வரலாம். கொஞ்சுவதற்குப் பாதம்தான் இல்லை.