கணக்குப் பரீட்சையும் கோ-கோ பைனலும்

பத்தாம் வகுப்பு மிட்டெர்ம் கணக்குப் பரீட்சையும் குறுவட்டப் போட்டியின் கோ-கோ பைனலும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. காலையில் அருப்புக்கோட்டை ஓரத்தில் இருக்கும் எங்கள் அரசுப் பள்ளியில் பரீட்சை, மதியம் திருச்சுழியில் ஆட்டம். நான்தான் கேப்டன். சுடிதாருக்குள்ளேயே ஜெர்சியைப் போட்டுக்கொண்டு எழுதினேன். தெரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு, பெல் அடிக்கும் முன்பே வெளியே வந்துவிட்டேன். அணியில் ஏழு பேர் எனக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒருத்தியை மட்டும் காணோம்.

அவள்தான் எங்களில் பெரிய ஓட்டக்காரி. கணக்கில் ஒரு தடவைகூடப் பாஸானதில்லை. எப்போதும் முதல் ஆளாகப் பேப்பரைக் கொடுத்துவிட்டு வருபவள். அன்றைக்கு ஜன்னல் வழியே பார்த்தால், எழுந்து நின்று அடிஷனல் பேப்பர் வாங்குகிறாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏ புள்ள, வாடி! பஸ்ஸு போயிரும்!”

தலையைத் தூக்காமலே, “இன்னும் ஒரு கணக்கு” என்றாள்.

“நீ எழுதி என்னத்தக் கிழிக்கப் போற?”

அப்போதுதான் நிமிர்ந்தாள். “கணக்குல பெயிலானா மாவட்டப் போட்டிக்குக் கெடையாதுன்னு ஹெச்.எம். சொல்லிட்டாகல்ல? இன்னிக்கு ஜெயிச்சுட்டு, அங்க என்னைய விட்டுட்டுப் போவீகளா? நானும் வாரேன்டி.”

மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டாப்புக்கு நடந்தேன்.

திருச்சுழி பஸ் வந்தது. பி.டி. டீச்சர் எங்களை ஏற்றிவிட்டு, ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் ஊன்றி நின்றுகொண்டார்.

“ஏறுங்க டீச்சர், நேரமாச்சு” என்றார் கண்டக்டர்.

“புள்ள பரீட்சை எழுதுது சார். செத்த பொறுங்க.”

“அதுக்குப் பஸ்ஸு நிக்குமா? எங்களுக்கு வேலவெட்டி இல்லையா?” என்று பின்சீட்டுக்காரர் ஒருவர் சத்தம் போட்டார். அதற்குள் பள்ளியில் பெல் அடித்தது. கேட்டைத் தாண்டி வந்தாள் பாருங்கள், அடேயப்பா! துப்பட்டா ஒரு பக்கம் பறக்கிறது, ஸ்கேல் ஒரு பக்கம் விழுகிறது. சத்தம் போட்ட அதே ஆள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, “ஓடியா தாயி, ஓடியா!” என்று கத்தினார்.

ஆட்டத்தின் கடைசி நிமிடம். எங்கள் பக்கம் அவள் ஒருத்திதான் மிச்சம். அவளைத் தொட்டுவிட்டால் ஆட்டம் அவர்களுக்கு, விசில் வரை தப்பித்துவிட்டால் எங்களுக்கு. வரிசையாகக் குந்தியிருந்த எதிரணிக்காரிகள் “கோ” “கோ” என்று மாற்றி மாற்றி எழுந்து பாய்ந்தார்கள். அவள் இந்தப் பக்கம் போக்குக் காட்டி அந்தப் பக்கம் போனாள். ஒருத்தியின் விரல் அவள் பின்னல்வரை போய் வெறுங்காற்றைப் பிடித்தது. விசில்! எல்லோரும் அவள்மேல் விழுந்து புரண்டோம்.

அடியில் கிடந்தவள், “பாஸாயிருவேனாடி?” என்று கேட்டாள்.

மறு வாரம் கணக்கு சார் பேப்பர் கட்டோடு வந்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. அவளைக் கூப்பிட்டு, “முப்பத்தெட்டு. பாஸ்” என்று நீட்டினார்.

வாங்கினாள், பார்த்தாள். சாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாசலைத் தாண்டி ஓடிவிட்டாள். நாங்கள் ஜன்னலுக்கு ஓடினோம். வேகாத வெயிலில், பேப்பரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிரவுண்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள், துரத்த ஒருத்தரும் இல்லாமல்.

“சார், கூப்பிடவா?” என்றேன்.

“விடும்மா, ஓடட்டும்” என்று சொல்லிவிட்டு, அவரும் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.