இரண்டாம் முறை எடுத்த ரத்தம்

எண்பதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டைக்கும் பந்தல்குடிக்கும் நடுவே ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர் சோதிக்கும் வேலை பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. திருச்சுழியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன்.

ஒரு சித்திரை மாத மதியம் போலீஸ் ஏட்டு ஒருவர், லாரி டிரைவர் ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி வந்த லாரி, ரோட்டை விட்டு இறங்கி ஒரு டீக்கடைப் பந்தலைச் சாய்த்துவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் இறங்கிய டிரைவர் தள்ளாடியிருக்கிறார், பேச்சு குழறியிருக்கிறது. கூடி நின்றவர்கள் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள்.

"நல்லா ஏத்திட்டு வந்துருக்கான். ரத்தம் எடுத்துக் குடுங்கம்மா, மதுரை லேபுக்கு அனுப்பணும்" என்றார் ஏட்டு.

டிரைவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மல்லாங்கிணறுக்காரர். பெஞ்சில் சாய்ந்தபடி, "குடிக்கல தாயி, சத்தியமா குடிக்கல. கொஞ்சம் தண்ணி குடு" என்றார். ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு என்னிடம் அனுப்பினார். கொதிக்க வைத்த கண்ணாடி சிரிஞ்சை எடுத்தேன். வலது கை மடிப்பைப் பஞ்சால் துடைத்தேன், நரம்பைத் தேடிக் குத்தினேன், ரத்தம் ஏறியது. ஊசியை உருவும்போதுதான் பஞ்சின் வாடை மூக்கில் அடித்தது. ஸ்பிரிட்.

தினமும் ஐம்பது பேருக்கு ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிற கை, பழக்கத்தில் அதையே செய்துவிட்டது. குடித்திருக்கிறாரா என்று பார்க்க எடுக்கும் ரத்தத்துக்கு ஸ்பிரிட் தொடவே கூடாது. அதுவும் சாராயம்தான். தோலில் இருப்பது ஒரு சொட்டு ஊசியோடு போனாலும் சோதனையில் காட்டிவிடும் என்று படிக்கும்போதே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய விட்டு எடுக்க வேண்டும்.

ஏட்டு ஜன்னலோரம் விசிறிக்கொண்டிருந்தார். டிரைவர் கண்ணை மூடியிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. அந்த ரத்தத்தை அப்படியே பாட்டிலில் ஊற்றி சீல் வைத்திருந்தால் இன்றுவரை எவருக்கும் தெரிந்திருக்காது. சிரிஞ்சைக் கையில் பிடித்தபடியே டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

திட்டுவார் என்று நின்றேன்.

"சரி, அதைக் கொட்டிடுங்க. அடுத்த கையில எடுங்க. முதல்ல எடுத்தது ஏன் கொட்டினோம்னு ரிஜிஸ்டர்ல எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

ஏட்டுக்கு எரிச்சல். "ஒருக்கா எடுத்தது பத்தாதா?"

"தப்பு என்னோடது சார். முத தடவை ஸ்பிரிட் போட்டுட்டேன்" என்றேன்.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். ஸ்பிரிட் புட்டியை அறைக்கு வெளியே வைத்தேன். டிரைவரின் இடது கையையும் கழுவித் துடைத்து, வேறு சிரிஞ்சில் எடுத்தேன். உறையாமலும் கெடாமலும் இருக்கப் பொடி போட்ட பாட்டிலில் ஊற்றி மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கினேன். மூடி, துணி சுற்றி, நூல் கட்டி, அரக்கு உருக்கி டாக்டரின் முத்திரையை அழுத்தினேன். லேபிளில் பெயர், எடுத்த நேரம், டாக்டர் கையெழுத்து, டிரைவரின் பெருவிரல் ரேகை.

அடுத்து சிறுநீர். ஏட்டு அவரைக் கழிவறைவரை கூட்டிப்போய்க் கூட்டி வந்தார். நான் கொடுத்த பாத்திரம் விளிம்புவரை நிறைந்திருந்தது. திரும்பியதும் மறுபடி தண்ணீர் கேட்டார். அருகில் குனிந்தபோது அவர் மூச்சின் வாடையைக் கவனித்தேன். சாராய வாடை எனக்குத் தெரியும். இது அதில்லை. கனிந்து அழுகப்போகும் பழத்தின் வாடை. சக்கரை முற்றியவர்களின் மூச்சு அப்படித்தான் வீசும் என்று படித்திருந்தேன்.

ஒரு பாட்டில் நிறைத்து சீல் வைத்தபின் பாத்திரத்தில் பாதிக்கு மேல் மீதியிருந்தது. "சார், இதுல சக்கரை பாத்துரட்டுமா?" என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் உடனே நாற்காலியை விட்டு எழுந்தார்.

சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு விளக்கில் காட்டினேன். பச்சை, மஞ்சள் எல்லாம் நொடியில் தாண்டி, சக்கரை மிக அதிகம் என்று காட்டும் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. அவ்வளவு அடர்ந்த சிவப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"சக்கரை இவ்வளவு ஏறினா தள்ளாடத்தான் செய்யும், பேச்சும் குழறும். நாமளும் இவரைக் குடிகாரர்னு பெஞ்சில உக்கார வச்சிருந்தோமே" என்றார் டாக்டர். சலைன் ஏற்றி, இன்சுலின் போட்டு, சாயங்காலமே ஆம்புலன்சில் மதுரைக்கு அனுப்பினார். சீல் வைத்த பாட்டில்களை, ஐஸ் போட்ட பெரிய பிளாஸ்க்கில் வைத்து ஏட்டு பஸ்ஸில் கொண்டுபோனார்.

டிரைவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வழக்கு அப்படியே இருந்தது. சக்கரை இருப்பவர் குடிக்கவே மாட்டார் என்று யாரும் சொல்ல முடியாதே. ரிப்போர்ட் வரும்வரை லைசென்ஸ் ஸ்டேஷனில் இருந்தது. அவர் மனைவி வாரந்தவறாமல் வந்து, "தாள் வந்துருச்சாக்கா?" என்று கேட்பார். "அவுக, வீட்டுலயே மொகத்தத் தொங்கப் போட்டுக் கெடக்காக" என்பார். இரண்டாம் முறை கையைச் சரியாகக் கழுவினேனா, ஸ்பிரிட் புட்டியை வெளியே வைத்தது அதற்கு முன்னாலா பின்னாலா என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். நினைக்க நினைக்க நிச்சயம் குறைந்துகொண்டே போனது.

ஏழாவது வாரம் ஏட்டே வந்தார். வாசலிலேயே சிரித்துவிட்டார்.

"ரெண்டுலயும் ஒண்ணுமில்லம்மா. சொட்டு சாராயம் இல்லன்னு எழுதிட்டாங்க. டீக்கடையில வச்சு நான்தான் ரெண்டு அடி போட்டேன். இப்ப அவுக வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

"மொதல்ல அதப் போய்ச் சொல்லுங்க சார்" என்றேன்.

அவர் போனபின் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். டாக்டர் எட்டிப் பார்த்து, "அன்னைக்கு நீங்க வந்து சொல்லாம இருந்திருந்தா, குடிச்சிருக்கார்னு ரிப்போர்ட் வந்திருக்கும், நானும் நம்பியிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டுக் கிடைத்தது. வழியெல்லாம் வெட்டவெளி, கருவேலங்காடு, அனல் காற்று. அந்தக் காற்றிலும் அப்படித் தூங்கியிருக்கிறேன். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது திருச்சுழியைத் தாண்டி இரண்டு ஊர் போயிருந்தோம். "என்னம்மா, எங்க எறங்கணும்?" என்றார். சிரித்துக்கொண்டே இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று வந்த வழியே பஸ் பிடித்தேன்.