அப்டேட் அக்கா மாமனாருக்குக் குரல் தேடியது

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற அவளை எல்லாரும் அப்டேட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் கடை முதலாளி. ஒரு நாள் அவர் தன் போன் நத்தை மாதிரி ஊர்கிறது என்று அலுத்துக்கொண்டது பின்னறை வரை கேட்டது. கையிலிருந்த ஃபிரேமை வைத்துவிட்டு அவள் எழுந்து வந்தாள்.

"அப்டேட் போட்டீங்களா சார்?"

அவர் போடவில்லை. அவள் போட்டுக் கொடுத்தாள். அதோடு விட்டாளா என்றால், இல்லை. போனில் குவிந்திருந்த காலை வணக்கப் படங்களைக் கூண்டோடு அழித்தாள். பில்களைப் படமெடுத்துத் தேதிவாரியாக அடுக்கும் செயலி ஒன்றை இறக்கினாள். கண்ணாடி ரெடியானதும் வாடிக்கையாளருக்குத் தானாகவே செய்தி போகும்படி செய்தாள். அன்று மாலை முதலாளி தனக்குத்தானே ஒரு கண்ணாடி ரெடி என்று செய்தி அனுப்பி, அது வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

ஒரு வேலையைச் சுலபமாக்கும் எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் பாஸ்வேர்டைக் கைப்பையில் துண்டுச் சீட்டில் வைத்திருந்தால் இவளுக்கு நெஞ்சு பதறும். கண்ணாடி வேலை செய்பவர்களுக்கென்றே இருந்த இணையக் குழு ஒன்றில், முகம் தெரியாத யாரோ கேட்ட சந்தேகத்துக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவாள். நன்றி என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவன் கொள்கை வேறு. "போன்னா எடுத்தா பேசணும், வெச்சா நிக்கணும். அதுக்கு மேல அதுகிட்ட நான் எதையும் எதிர்பார்க்கல." அவனுக்கும் சேர்த்து ஒரு பொது நாட்காட்டி போட்டிருந்தாள். பல் டாக்டரிடம் போவதை நினைவூட்டி அது ஒரு முறை கத்தியபோது அவன் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தான். ஆபத்து மணி என்று நினைத்து மூன்றாம் மாடியில் இருந்தவர்களையெல்லாம் வெளியேற்றிவிட்டான். அதற்கப்புறம் அந்த நாட்காட்டியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

வீட்டில் மூன்றாவது ஆள் மாமனார். பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டவர். ஜன்னலோரத்து அறையில் கட்டில், நாற்காலி, சுவரில் கடிகாரம். அவர் தேவைகள் அத்தோடு முடிந்தன. மருமகளிடம் நேராகப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. அவள் எதிரில் நிற்கும்போதே, "அவகிட்ட தண்ணி கேளு" என்று மகனிடம் சொல்வார். மகன் இல்லாவிட்டால் தாகத்தோடு இருப்பார்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். கழுத்தில் சின்னத் துளையோடும், கையில் அழித்தெழுதும் பலகை ஒன்றோடும் வீடு திரும்பினார்.

பலகையில் ஒரு சங்கடம் இருந்தது. அவர் நிதானமாக, முத்து முத்தாக எழுதுவார். எழுதி முடித்துத் தலை நிமிர்வதற்குள் மகன் செருப்பு மாட்டிக்கொண்டு போயிருப்பான். அவர் எழுதியதைத் தானே ஒரு தரம் படித்துவிட்டு அழிப்பார். இதை அவள் சமையலறை வாசலிலிருந்து இரண்டு மூன்று தடவை பார்த்தாள். மறுநாள் கடையிலிருந்து வரும்போதே அதற்கான செயலியைத் தேடி முடித்திருந்தாள். எழுதினால் பேசும் செயலி. பழைய டேப்லெட் ஒன்றைத் துடைத்து, அதில் ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, அவர் முன்னால் வைத்தாள்.

"மாமா, இதுல எழுதுங்க. அதுவே சத்தமா பேசும்."

அவர் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார்.

அவள் வாதாடவில்லை. எழுதக் கஷ்டமாக இருக்கும்போல என்று, தொட்டால் பேசும் பொத்தான்களாகச் சிலவற்றை அமைத்தாள். தண்ணீர் வேண்டும். வலிக்கிறது. டிவி சத்தத்தைக் குறை. நன்றி. அதையும் கவிழ்த்து வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து, செய்தி வாசிக்கும் பெண்ணைப்போல ஒரு குரல், மிக மரியாதையாக, "டிவி சத்தத்தைக் குறை" என்றது.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் குறைத்தான். சற்றுப் பொறுத்து அதே குரல் அதையே மறுபடி சொன்னது. அவன் இன்னும் குறைத்தான். மூன்றாம் தடவை அணைத்தே விட்டான்.

"நன்றி" என்றது குரல்.

அந்த வாரக் கடைசியில் அவர் சொந்தமாகவே எழுத ஆரம்பித்தார். முதல் வாக்கியம் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டினார். பிறகு அந்தப் பெண்குரல், தெளிவாக, சிரித்த முகத்தோடு இருப்பவளைப்போலச் சொன்னது:

"கல்யாணம் ஆன நாளிலிருந்து உன் சமையலில் உப்பு கம்மி."

புருஷன் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கோ வாயெல்லாம் பல்.

"ஏங்க, கவனிச்சீங்களா? 'கம்மி'யை எவ்வளவு சரியா சொல்லுது பாருங்க!"

அவர் தன்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்பது பாத்திரம் தேய்க்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. உப்பு ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. குழாய் சொட்டுகிறது. மகன் சட்டையில் பொத்தான் இல்லை. எதிர் வீட்டுக்காரன் வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறான். பத்திரிகையில் எழுத்துப் பிழை. வாய் இருந்த காலத்தில் வாரத்துக்கு ஒரு பேச்சுப் பேசியவர், வாய் போன பிறகு மணிக்கு ஒன்று பேசினார். புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அப்பாவே தேவலாம்டி. இந்தப் பொம்பள ரொம்ப நச்சரிக்கிறா."

அவளுக்கும் ஒரு குறை இருந்தது. அந்தக் குரல் அவருடையது இல்லையே. விசாரித்ததில், ஒருவரின் பழைய பேச்சுப் பதிவைக் கொடுத்தால் அதே குரலில் பேச வைக்கும் வசதி வந்திருப்பது தெரிந்தது. உட்கார்ந்து, குடும்பத்தின் படங்களையும் வீடியோக்களையும் ஒன்று விடாமல் அலசினாள். எதையும் அழிக்காமல் இணையத்தில் சேமித்து வைக்கிறவள் என்பதால் எல்லாம் இருந்தது. மாமனாரும் இருந்தார். ஆனால் எல்லா வீடியோவிலும் அவர் சொன்னது ஒன்றுதான்: "போதும், நிறுத்து." பிறந்தநாளில், "போதும், நிறுத்து." கடற்கரையில், அலை இரைச்சலுக்கு நடுவே, "போதும்." ஒன்றில் மட்டும் கொஞ்சம் நீளமாக, "யாரு வீடியோ எடுக்கறது? நிறுத்தச் சொல்லு."

இத்தனையையும் வெட்டி ஒட்டிக் கொடுத்துப் பார்த்தாள். போதாது, இன்னும் பேச்சு வேண்டும் என்றது செயலி.

பின்னறையில் லென்ஸ் தேய்த்தபடியே யோசித்தாள். ஓய்வு பெற்ற பேருந்து ஊழியர்களின் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. முழங்கால் வலிக்கு மருந்தும், பழைய பேருந்துகளின் படமும், ஒருவர்மேல் ஒருவர் புகாருமாக ஓடிக்கொண்டிருந்த குழு. அதில் சேர்ந்து, மாமனாரின் படத்தைப் போட்டு எழுதினாள்: 'இவர் பரிசோதகராக இருந்தவர். ஆபரேஷனில் குரல் போய்விட்டது. இவர் பேசிய பதிவு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.'

முதலில் வந்தவை எல்லாம் நலம் விசாரிப்புகள். இரண்டு பேர், இவர் தங்களை மாட்டிவிட்ட கதையை எழுதி, இருந்தாலும் நல்ல மனிதர் என்று முடித்திருந்தார்கள். பிறகு ஓட்டுநர் ஒருவர், "என்கிட்ட ஒண்ணு இருக்கும்மா, பெருசு" என்று எழுதி, ஒரு வீடியோவை அனுப்பினார்.

ஏதோ ஒரு பணிமனையில் யாருக்கோ பிரிவு உபசாரம். மாமனார் ஒலிபெருக்கி முன்னால் நிற்கிறார். பேசுகிறார். பேசுகிறார் என்றால் சாதாரணப் பேச்சா? டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல நடிக்கிறவர்களில் எத்தனை வகை என்று, ஒவ்வொரு வகையாகக் குறட்டை விட்டுக் காட்டுகிறார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. கடைசி வகை, தூக்கத்திலேயே பரிசோதகரைத் திட்டுகிறவன். அதற்கு ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தே விட்டார்.

அதை முதலில் புருஷனிடம் காட்டினாள். அவன் நின்றுகொண்டே பார்த்தான். முடிந்ததும் திரும்பவும் போடச் சொன்னான். அப்புறம் உட்கார்ந்தான்.

"வீட்ல ஒரு நாள் இப்படி பேசினதில்லையே இந்த மனுஷன்" என்றான். கோபமா சந்தோஷமா என்று அவன் குரலிலிருந்து தெரியவில்லை. வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னான். போனிடம் அவன் கேட்ட முதல் உபகாரம் அது.

செயலிக்கு இந்த முறை பேச்சு போதுமானதாக இருந்தது. குரல் தயாரானதும், அவர் காபி குடித்து முடிக்கும் நேரமாகப் பார்த்து, டேப்லெட்டை எடுத்துப்போனாள். புருஷனும் கூடவே வந்து கதவில் சாய்ந்து நின்றான்.

"மாமா, உங்க குரலே கிடைச்சிடுச்சு. ஏதாவது எழுதிப் பாருங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'குழாய் இன்னும் சொட்டுகிறது' என்று எழுதித் தட்டினார்.

கரகரத்த, கண்டிப்பான, அந்தப் பழைய குரல் அறையை நிறைத்தது. மகன் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றான். அவளும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவர் இருவரையும் கவனித்தார். கை தொண்டைக்குப் போய், துளையின் மேலிருந்த துணியைத் தொட்டுத் திரும்பியது. இன்னொரு தரம் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு செயலியின் அமைப்புகளுக்குள் தானே போய், எதையோ மாற்றி, எழுதினார்.

"வேண்டாம்" என்றது பெண்குரல். "அந்த ஆள் ரொம்ப அதட்டுவான். இவள் சொன்னால் எல்லாரும் கேட்கிறீர்கள்."

அவள் டேப்லெட்டைப் பார்த்தாள். எத்தனை நாள் உழைப்பு! பிறகு, "சரி மாமா" என்றாள். புருஷன் போய், கருவிப் பெட்டியை எடுத்துவந்து குழாயைப் பிரித்தான்.

ஆனால் குரல் எங்கிருந்து வந்தது என்று அவள் காட்டிய பிரிவு உபசார வீடியோவை அவர் விடவில்லை. அனுப்பிய ஓட்டுநர் யார் என்று கேட்டுக் குழுவில் சேர்ந்தார். சேர்ந்த சூட்டோடு மூன்று பேரின் எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். அங்கேயே ஒருவர், குரல்வளை எடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு குழு இருப்பதைச் சொன்னார். இப்போது சனிக்கிழமைதோறும் காலையில் அவர்கள் வீடியோவில் கூடுகிறார்கள். ஏற்பாடு அப்டேட் அக்காவுடையது.

முதல் கூட்டம் குழப்பமாகிவிட்டது. வந்திருந்த அத்தனை கிழவர்களும் அதே செயலியை, அதே பெண்குரலோடு வைத்திருந்தார்கள். ஒரே பெண் தன்னோடு தானே சண்டை போடுவதுபோல இருந்தது. "நீங்க சொல்றது தப்பு." "நான் அதைச் சொல்லவே இல்லை." "அப்படின்னா சொன்னது யார்?" சமையலறையில் இருந்த புருஷன் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தான்.

மாமனார் அதற்கு ஒரு ஒழுங்கு செய்தார். பேச நினைப்பவர் முதலில் கையைத் தூக்க வேண்டும். அவர் தலையசைத்த பிறகே பேச வேண்டும். தச்சர் ஒருவர் மட்டும் தலையசைப்புக்குக் காத்திராமல் பேசிக்கொண்டிருந்தார். அவரை ஒரு கூட்டம் முழுக்க ஒலியை அடைத்து உட்கார வைத்தார்கள். அடுத்த சனிக்கிழமை அவர் எல்லாருக்கும் முன்னால் வந்து, கையைத் தூக்கியபடியே காத்திருந்தார்.

அன்று கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவளை மாமனார் விரல் சொடுக்கி அழைத்தார். புதிதாக ஒரு அம்மா சேர்ந்திருக்கிறார், டெய்லர். அவருடைய செயலி சத்தமே போடவில்லை. திரையில் உதடு மட்டும் கெஞ்சுவதுபோல அசைந்துகொண்டிருந்தது.

"அக்கா, அப்டேட் போட்டீங்களா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

அந்த அம்மா இல்லையென்று தலையாட்டினார். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, மாமனார் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.