வலையின் மூலையில் விழுந்த கோமாளி

பிள்ளைகளே, ஆரணிக்கு சர்க்கஸ் வந்தால் சுவரொட்டியில் பெரிதாக இருப்பது அந்தக் கோமாளியின் முகம்தான். முப்பது வருடமாக ஊர் ஊராகச் சிரிக்க வைத்தவர். போன ஆண்டு நானும் உங்கள் அம்மாவும் முன்வரிசையில் இருந்தோம்.

உயரத்தில் ஒரு பெண் ஊஞ்சலில் தாவ நின்றிருந்தாள். அதற்குமுன் கோமாளி மேலிருந்து வலையில் விழுந்து காட்டினார். எழுந்தவர் கால் தடுக்கி, வலையின் ஒரே மூலையில் திரும்பத் திரும்ப விழுந்தார். கொட்டகையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தறியில் அறுந்த இழையை நாளெல்லாம் முடிகிறவன் நான். அவர் ஒவ்வொரு முறை விழும்போதும் வலையில் ஒரு முடிச்சுப் போட்டார். கடைசியில் இழுத்துப் பார்த்துவிட்டு, மேலே தொப்பியை ஆட்டினார். அவள் தாவினாள்.

ஆட்டம் முடிந்ததும் அவரிடம் போனேன்.

"வலை அறுந்துருந்துச்சே, அந்தப் பொண்ண எறங்கச் சொல்லக்கூடாதாங்க?"

"போன மாசம் விழுந்து அடிபட்ட பொண்ணுங்க. இன்னிக்கிதான் திரும்ப ஏறினா. எறங்கிட்டா, அப்புறம் ஏறவே மாட்டா. வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லீங்க. எல்லாரும் சிரிச்சிகினு இருந்தாங்க."

"அவ?"

"அவங்களுந்தாங்க."

அதன் பிறகுதான் அவர் உட்கார்ந்து, மூக்கின் சிவப்பைத் துடைத்தார்.