பட்டறைக்கு வந்த பள்ளி வேன்

கல்லூரி முடிந்ததும் மாலையில் சங்ககிரியில் ஒரு வண்டிப் பட்டறையில் வேலை பார்த்துவந்தேன். ஒருநாள் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று பள்ளி வேன் ஒன்று குழந்தைகளோடு வந்தது. பிரேக் ஆயில் சக்கரத்தில் வழிந்துகொண்டிருந்தது. நான் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

“இவங்கள ஊட்டுல உட்டுட்டு வாரேன், சாவியக் குடு சாமி,” என்றார் டிரைவர்.

அவர் போன் போட்டுச் சொன்னதும் பட்டறை முதலாளியும் என்னிடம், “குடுத்தனுப்பு. இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராத,” என்றார்.

“குழந்தைங்கள இறக்கிட்டு, இங்கயே ஓட்டிப் பாருங்கண்ணா,” என்றேன் டிரைவரிடம்.

குழந்தைகள் இறங்கியதும் சாவியைக் கொடுத்தேன். அவர் கோபத்தோடு வண்டியை எடுத்தார். எவ்வளவு மிதித்தும் வேன் நிற்கவில்லை. சுற்றுச்சுவரில் மோதித்தான் நின்றது. வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் விரைந்துகொண்டிருந்தன. டிரைவர் இறங்கி, குழந்தைகளைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என் வேலை போகவில்லை. ஆனால் அன்று பயந்து பேசாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் பள்ளி வேனைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது.