யூட்சனுக்கு ஒரு பக்கம்

ஆன்சலாவின் கணவன் யூட்சன் தொண்ணூற்றாறில் மீன்பிடி ஊரான முள்ளிவாய்க்காலில் இருந்து வெளிநாட்டுக்குப் புறப்பட்டான். இத்தாலியில் இருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு ஒன்றும் இல்லை. தாயின் கண் சத்திரசிகிச்சைக்காக வவுனியாவுக்கு வந்த ஆன்சலா, சண்டையில் பாதை மூடப்பட்டதால் அங்கேயே தங்கிவிட்டாள். அவன் எழுதினாலும் கடிதம் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத்தான் போகும் என்ற நினைப்பு அவளை அரித்தது.

இரண்டாயிரத்தொன்றில் தேவாலய மண்டபத்தில் கணினி வகுப்புத் தொடங்கியது. படிப்பித்தவள் வினோஜா, ஆன்சலாவைவிட இளையவள். நாங்கள் எழுதும் இணையப் பக்கத்தை எந்த நாட்டில் இருந்தும் பார்க்கலாம் என்று அவள் சொன்ன அன்று ஆன்சலா முன்வரிசை வாங்குக்கு மாறினாள்.

கட்டளைகளைக் கூர் அடைப்புக்குள் எழுத வேண்டும். திறந்ததை மூட வேண்டும். ஒன்றை மூட மறந்ததில் பக்கம் முழுவதும் தடித்த எழுத்தாகிப் போனது. பின்னணிக்கு நீலம் தேடினாள்.

"விடியப்புறம் கடல் இப்பிடி இராது," என்று மாற்றிக்கொண்டே இருந்தாள்.

தமிழ் எழுத்து வேறு கணினிகளில் கட்டம் கட்டமாகத் தெரியுமாம். அதனால் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தாள். மேலே ஊரின் பெயர். கீழே, "யூட்சன், நானும் அம்மாவும் வவுனியாவில இருக்கிறம். இந்த மின்னஞ்சல் விலாசத்துக்கு எழுதுங்கோ."

ஆன்சலாவும் வினோஜாவும் பக்கத்தைப் பதிந்த பிளாப்பித் தட்டைக் கொண்டுபோய், இணைய வசதி இருந்த கடையொன்றில் அதை ஏற்றினார்கள். நீலம் மெல்ல மெல்லத் திரையில் இறங்கியது.

"இப்ப அவர் பாப்பாரோ?"

"ஓம் அக்கா. இந்தப் பக்கத்தின்ர முகவரியை அடிச்சால் வரும்."

"அது அவருக்கு எப்பிடித் தெரியும்?"

வினோஜா இன்னொரு தளத்தைத் திறந்தாள். "தேடுற தளங்களில பதிஞ்சு விடுவம் அக்கா. ஆராவது ஊர்ப்பேரைத் தேடினால் அம்பிடும்."

சனிக்கிழமைகளில் ஆன்சலா கடைக்குப் போய் மின்னஞ்சல் பார்த்தாள். மாரி தொடங்கும் நேரம் ஒன்று வந்திருந்தது. உடனே திறந்தாள். நோர்வேயில் இருந்து இராசமலர் என்றொருத்தி எழுதியிருந்தாள்.

"ஊர்ப்பேரைக் கண்டு அழுதிட்டன் பிள்ளை. நான் வெளிக்கிட்டுப் பத்து வருசமாச்சு. உன்ர மனுசனைத் தெரியாது, விசாரிக்கிறன். கரையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுவியே?"

ஆன்சலா அதை இரண்டு தரம் வாசித்தாள். அவன் எழுதியதல்ல. ஆனாலும் எழுந்துபோக மனம் வரவில்லை.

அடுத்த வகுப்பில், "இதோட இன்னொரு பக்கத்தை எப்பிடித் தொடுக்கிறது?" என்று கேட்டாள்.

அந்த வருடம் யூட்சனிடம் இருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஆன்சலா கரையை எழுதினாள்: வள்ளங்களை இழுத்துவிடும் மேடு, வலை காயும் மணல், நந்திக்கடல் பக்கத்துக் காற்று. யூட்சன் கடலுக்கு இறங்கும் இடம் வந்தபோது விரல்கள் நின்றன. பிறகு அதையும் எழுதினாள்.